வேகத்தை அடக்கிப் பயிற்சி... ஒலிம்பிக்கில் தங்கம்! நார்வேயின் 'டபுள் த்ரெஷோல்ட்' என்றால் என்ன?

ஓடி முடித்ததும் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தால்தான் அது நல்ல பயிற்சி. நெடுந்தூர ஓட்டத்தில் இப்படி ஒரு நம்பிக்கை இன்னும் இருக்கிறது. ஆனால், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்ற நார்வே வீரர் யாக்கோப் இங்கெபிரிக்ட்சனின் வழி வேற. வேகத்தை வேண்டுமென்றே அடக்கி வைப்பதுதான் அதன் அடிப்படை.

லாக்டேட், த்ரெஷோல்ட் அப்படின்னா என்ன?

ஓடும்போது தசைகள் சர்க்கரையை எரித்து சக்தி எடுக்கின்றன. அப்போது உருவாவதுதான் லாக்டேட். இதை வெறும் கழிவுன்னு பல காலம் நினைத்தார்கள். உண்மையில் இதயமும் மற்ற தசைகளும் இதையே எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன.

மெதுவாக ஓடினால், உருவாகும் லாக்டேட் உடனுக்குடன் செலவாகிவிடும். வேகம் கூடும்போது ஒரு கட்டத்தில் வரவு, செலவை மிஞ்சும். ரத்தத்தில் லாக்டேட் மளமளவென ஏறும். அந்த எல்லைக்கோடுதான் த்ரெஷோல்ட். நல்ல பயிற்சி உள்ள ஒருவர் போட்டியில் சுமார் 1 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் ஒரே நாளில் 2 முறை?

கோட்டைத் தாண்டி ஓடினால் களைப்பு தீர 2, 3 நாள் ஆகும். கோட்டுக்குச் சற்று கீழே நிறுத்திக்கொண்டால் மாலைக்குள் கால்கள் தேறிவிடும், இன்னொரு முறை ஓடலாம். முன்னாள் 5,000 மீட்டர் வீரரும் மருத்துவருமான மாரியஸ் பாக்கன், தன் உடம்பிலேயே லாக்டேட் அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்து இந்த முறையை வளர்த்தெடுத்தார்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

* செவ்வாய், வியாழன் காலை: 6 நிமிட ஓட்டம், 5 முறை
* அதே நாள் மாலை: 1,000 மீட்டர், 10 முறை. இடையில் 1 நிமிட ஓய்வு மட்டும்
* சனி: மேட்டில் 200 மீட்டர், 20 முறை. வாரத்தின் கடினமான பயிற்சி இதுதான்
* ஞாயிறு: நீண்ட தூர ஓட்டம்
* மற்ற நாட்கள்: மெதுவான ஓட்டம்

ஓட்டத்துக்கு நடுவே காது மடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கையடக்கக் கருவியில் பார்ப்பார்கள். லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிமோல் வரை இருந்தால் சரி. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 'இன்னும் வேகமா ஓடு' என்பதற்கு இங்கே இடமில்லை.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது?

பேச்சை வைத்தே கணிக்கலாம். முழு வாக்கியம் பேச முடிந்தால் அது மெதுவான ஓட்டம். 3, 4 வார்த்தை மட்டும் வந்தால் த்ரெஷோல்ட் பக்கம். பேச்சே வரலையா? கோட்டைத் தாண்டியாச்சு. கடைசி சுற்றை முடித்த பிறகும் 'இன்னும் ஒண்ணு ஓடலாம்' என்று தோன்ற வேண்டும். வெயிலும் புழுக்கமும் அதிகமான நாளில் இதயத் துடிப்பு எகிறும் என்பதால், கடிகாரத்தைப் பார்க்காமல் உடம்பு சொல்வதைக் கேட்பதே நல்லது.

யார் இதை அப்படியே பின்பற்றக் கூடாது?

இது பல ஆண்டுகள் ஓடி, வாரத்துக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் தாங்கும் உடம்புக்கான அட்டவணை. பள்ளி மாணவர்களும், வாரத்தில் 4, 5 நாள் மட்டும் ஓடுபவர்களும் இதில் இறங்கினால் எலும்பில் கீறல் விழும் அபாயம் உண்டு. அவர்களுக்கு வாரம் 1 த்ரெஷோல்ட் பயிற்சி போதும். மற்ற நாட்களில் மெதுவாக ஓடலாம்.

பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டியவை: காலையில் எழுந்ததும் வழக்கத்தைவிட அதிகமான இதயத் துடிப்பு, தூக்கமின்மை, ஒரே இடத்தில் விடாத எலும்பு வலி, வீராங்கனைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியைக் குறைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'சோம்பேறித்தனம்' என்று திட்டி ஓடவைத்தால், ஒரு வாரத்தில் சரியாக வேண்டியது ஒரு சீசனையே காலி செய்துவிடும்.