அகதிகள் அமைத்த பள்ளி

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கபளீகரம் செய்தபின், வியன்னா நகரத்து யூத வைத்தியரான கார்ல் கோனிக் ஸ்வதேசம் துறந்து ஸ்காட்லாந்தில் தஞ்சம் புகுந்து, தம்மைப் போலவே அகதிகளாய் வந்த இளைஞர் சிலருடன், மன வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பராமரிக்கத் தொடங்கினார். யுத்தம் மூண்டபின், நாஜிகளுக்குத் தப்பி வந்த அந்த ஆடவர்களையே சத்துரு தேசத்துப் பிரஜைகளென்று பிரிட்டிஷ் சர்க்கார் காவலில் வைத்ததுதான் விசித்திரம்! ஆயினும் அக்குழுவிலிருந்த ஸ்திரீகள் மனந்தளராமல், 1940 ஜூன் முதல் தேதியன்று அபர்தீன் நகருக்கு அருகே டீ நதிப் பிரதேசத்திலுள்ள காம்ப்ஹில் மாளிகையில் குடியேறி, குழந்தைகளோடு ஒரே வீட்டில் வசித்து ஒரே பந்தியில் உண்ணும் சம்பிரதாயத்தை நிலைநாட்டினார்கள். பின்னாளில் அயல்நாடுகளிலிருந்து வந்த தொண்டர்களும் சம்பளமின்றி, உணவும் உறைவிடமும் சிறிது கைச்செலவுப் பணமுமே பெற்று, அவ்வாறே வாழ்ந்தார்கள். அகதிகள் ஸ்தாபித்த பள்ளியில் அன்னிய தேசத்தார் ஊழியம் புரிவதில் வியப்பேதும் இல்லை.