யார் காப்பாற்ற வருவார்கள்? - தமிழ் சினிமாவின் சோகமான கதாபாத்திரங்கள்



தமிழ் சினிமாவிலேயே ரொம்ப சோகமான கதாபாத்திரம் எது? இந்தக் கேள்வியை எங்கள் க்ளாஸில் போட்டால் பத்தே நிமிஷத்தில் சண்டை வந்துவிடும். ஒருத்தன் 'மூன்றாம் பிறை' சீனு என்பான். இன்னொருத்தன் 'சேது' என்பான். அம்மா வயதுக்காரர்களைக் கேட்டால் 'பாசமலர்' அண்ணன் தங்கச்சி. பாட்டிகளைக் கேட்டால் சினிமாவையெல்லாம் தாண்டி நல்லதங்காளில் போய் நிற்பார்கள்.

இந்தப் பதில்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. ஒவ்வொரு காலத்துப் படத்திலும் துன்பப்படுகிறவரைக் காப்பாற்ற யாரோ ஒருவர் வருகிறார். அந்த 'யாரோ' காலத்துக்குக் காலம் மாறுகிறார். முதலில் சாமி, பிறகு அண்ணன், பிறகு ஊர். கடைசியில் காப்பாற்ற வந்ததே வினையாகிப் போகிறது. இந்த மாற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. (எச்சரிக்கை: எல்லா படத்தின் க்ளைமாக்ஸும் இதில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்!)

முதலில் சோகக் கதாபாத்திரம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பதால் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. சூளைக்குப் போகாத களிமண் பொம்மை உடைந்தால் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி பிசைந்துவிடலாம். சூளையில் வெந்த பிறகு விரிசல் விட்டால் அவ்வளவுதான், அதை மறுபடி மண்ணாக்க முடியாது. படத்தில் அழுகிற எல்லாரும் சோகக் கதாபாத்திரம் இல்லை. இனி பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது என்ற இடத்தைத் தாண்டிவிட்டவர்கள்தான் என் கணக்கில் வருவார்கள்.

சாமி வந்த காலம்

நல்லதங்காள் கதை சினிமாவுக்கு முன்பே கூத்தாகவும், பெரிய எழுத்துப் புத்தகமாகவும் தமிழ்நாடு முழுக்கத் திரிந்த கதை. மானாமதுரையில் வாக்கப்பட்ட பெண். ஊரில் பஞ்சம். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அர்ச்சுனாபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வீட்டில் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடாமல் விரட்டுகிறாள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டு தானும் விழுகிறாள். வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

1935-லேயே இது பேசும் படமாக வந்துவிட்டது. 1955-ல் மறுபடியும் எடுத்தார்கள். பஞ்சம் என்பது அந்த ஜனங்களுக்குக் கற்பனை இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். கிணற்றில் பிள்ளைகளைப் போடும் இடத்தில் கூட்டம் அழுதது கதைக்காக மட்டும் இருந்திருக்காது.

இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. சிலவற்றில் சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் உயிர்ப்பிக்கிறார்கள். அதாவது மனுஷன் வராவிட்டாலும் சாமி வரும் என்ற நம்பிக்கை கதையிலேயே இருக்கிறது. அண்ணன் தாமதமாக வந்தான், சாமி சரிசெய்தது.

அண்ணன் வந்த காலம்

1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. கலைஞர் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், சிவாஜிக்கு முதல் படம். எல்லாரும் சிவாஜியின் கோர்ட் வசனத்தைப் பேசுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது தங்கை கல்யாணி.

மூன்று அண்ணன்களும் ரங்கூனில். உலகப்போரில் ஜப்பான்காரன் குண்டு போட, பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்பிய காலம் அது. இங்கே கல்யாணிக்குக் குழந்தை பிறந்த நேரத்தில் புருஷன் விபத்தில் சாகிறான், அந்த அதிர்ச்சியில் அப்பாவும் போய்விடுகிறார். கைக்குழந்தையோடு இட்லிக் கடை வைத்துப் பிழைக்கிறாள். அதுவும் நிலைக்கவில்லை. போகிற இடமெல்லாம் ஆம்பிளைகள் தொல்லை, கோயிலில் பூசாரி உட்பட. கடைசியில் குழந்தையை ஆற்றில் எறிகிறாள்.

கவனித்தீர்களா? இது அப்படியே நல்லதங்காள் கதை! ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே சாமி வரவில்லை. சாமி இருக்கும் இடத்திலேயே அவளுக்கு ஆபத்து. பதிலுக்கு வருவது கோர்ட்டும் அண்ணன்களும். தீர்ப்பு சொல்ல உட்கார்ந்திருக்கும் நீதிபதியே அவளுடைய பெரிய அண்ணன். எறிந்த குழந்தையும் ஒரு படகில் விழுந்து பிழைத்துவிடுகிறது. 'விதி, கர்மா' என்று சொல்லப்பட்டதை 'சமூகம் செய்த குற்றம்' என்று மாற்றிச் சொன்ன படம் அது. திராவிட இயக்கம் சினிமாவுக்குள் வந்ததன் அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன். குற்றவாளி யார் என்று காட்டிவிட்டால் திருத்திவிடலாம் என்று அப்போது நம்பினார்கள். அதனால்தான் குழந்தை பிழைத்தது.

1961-ல் பீம்சிங் எடுத்த 'பாசமலர்' வந்தபோது அந்தத் தெம்பு குறைந்துவிட்டது. ராஜசேகரன் (சிவாஜி) தங்கை ராதாவுக்காகவே (சாவித்திரி) உழைத்து முதலாளி ஆனவன். அவன் தாமதமாக வரும் அண்ணன் இல்லை, கூடவே இருக்கும் அண்ணன். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு குடும்பச் சண்டையில் பிரிகிறார்கள். தீபாவளியன்று தங்கை குழந்தையைப் பட்டாசிலிருந்து காப்பாற்றப் போய் கண்களை இழக்கிறான். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகச் சாகிறார்கள். நல்லதங்காளுக்கு நல்ல அண்ணன் கூடவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு 'பாசமலர்' சொல்லும் பதில், அண்ணனும் சேர்ந்து செத்திருப்பான் என்பதுதான்.

குடும்பமே காரணம் ஆன காலம்

எழுபதுகளில் கே.பாலசந்தர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். அண்ணன் வந்து தங்கையைக் காப்பாற்றுவதற்குப் பதில், வீட்டின் மூத்த பெண்ணே எல்லாரையும் காப்பாற்றுகிறாள். 'அரங்கேற்றம்' (1973) படத்தில் லலிதா (பிரமீளா) ஆசாரமான ஏழைக் குடும்பத்தின் மூத்த மகள். வீடு நிறைய தம்பி தங்கைகள். அவர்களுக்காக உடம்பை விற்கிறாள். அவள் அனுப்பிய பணத்தில் கரையேறிய குடும்பம், விஷயம் தெரிந்ததும் அவளை ஒதுக்குகிறது. அவளுக்கு மனநிலை பிறழ்ந்துவிடுகிறது.

அடுத்த வருஷமே 'அவள் ஒரு தொடர்கதை' (1974). கவிதாவுக்கு (சுஜாதா) சாவும் இல்லை, பைத்தியமும் இல்லை. கல்யாண மேடை வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி, மறுபடி ஆபீசுக்குப் போகிறாள். டைட்டிலே சொல்லிவிடுகிறது, இது முடியாது என்று. சம்பளத்துக்குப் போன முதல் தலைமுறைப் பெண்கள் நிறைய பேர் இதைத் தங்கள் கதையாகப் பார்த்தார்கள். கவிதாவைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். ஏனென்றால் அந்த வீட்டில் காப்பாற்றுகிற ஆளே அவள்தான்.

1979-ல் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த படம். சுந்தரவடிவேலு (விஜயன்) மனைவி லட்சுமியை (அஸ்வினி) அணு அணுவாக வதைக்கிறான். இங்கே காப்பாற்ற ஊரே வருகிறது. ஆனால் எப்போது? லட்சுமி செத்த பிறகு. ஊர் அவனை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே என்று சொல்லிவிட்டு அவன் இறங்குகிறான். கரையில் இரண்டு குழந்தைகள் நிற்கின்றன. ஊருக்கு நியாயம் கிடைத்துவிட்டது, குழந்தைகளுக்கு அப்பாவும் இல்லாமல் போய்விட்டது. நல்லதங்காளின் பிள்ளைகள் கிணற்றுக்குள் போனார்கள். இந்தப் பிள்ளைகள் கரையிலேயே நிற்கிறார்கள். எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரயில் வந்த காலம்

நம்ம ஊர் ஜங்ஷன் ஊர் ஆச்சே, ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விடுவேனா? தமிழ் சினிமாவின் பெரிய சோகங்களில் இரண்டு ஸ்டேஷனில்தான் முடிகின்றன. '16 வயதினிலே' (1977) மயில் ஜெயிலுக்குப் போன சப்பாணிக்காக ஸ்டேஷனில் காத்திருக்கிறாள். அவளுக்காவது ஒரு ரயில் வரலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. 'மூன்றாம் பிறை' (1982) சீனுவுக்கு ரயில் கிளம்பிப் போய்விடுகிறது.

சீனு கதையில் வில்லனே இல்லை என்பதுதான் விசேஷம். பழசை மறந்து குழந்தையாகிவிட்ட விஜியை (ஸ்ரீதேவி) தப்பான இடத்திலிருந்து மீட்டு ஊட்டிக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறான் சீனு (கமல்). வைத்தியர் அவளைக் குணப்படுத்துகிறார். பெற்றவர்கள் மகளைக் கண்டுபிடிக்கிறார்கள். எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள். ஆனால் குணமானதும் விஜிக்கு சீனு யார் என்றே தெரியவில்லை. கேத்தி ஸ்டேஷனில் அடிபட்ட காலோடு குரங்கு வித்தை ஆடிக் காட்டுகிறான். அவள் யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள். அவள் காப்பாற்றப்பட்டாள், அதனாலேயே அவன் அழிந்தான். கமலுக்கு முதல் தேசிய விருது கிடைத்தது இதற்குத்தான்.

பாலுமகேந்திராவின் சிஷ்யர் பாலா 1999-ல் 'சேது' எடுத்தார். அங்கே மனநிலை தெளிந்து, தப்பி, அபிதாவைத் தேடி வருகிறான் சீயான். அவள் செத்துக் கிடக்கிறாள். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் பைத்தியக்கார விடுதி வண்டியில் தானாகவே ஏறுகிறான். 2004-ல் வந்த 'காதல்' படத்தில் மெக்கானிக் முருகனை, பெண் வீட்டார் நல்ல வார்த்தை சொல்லி ஊருக்குக் கூட்டிவந்துதான் அடித்து நொறுக்குகிறார்கள். பராசக்தி காலத்தில் சொந்தபந்தம் வந்தால் விடிவு. இங்கே சாதி சொந்தக்கார வேஷத்தில் வருகிறது.

என் ஓட்டு யாருக்கு?

சரி, கடைசியாக யாருக்கு ஓட்டு? நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, என் ஓட்டு சீனுவுக்கு இல்லை. 'பரதேசி' (2013) ராசாவுக்கு.

பி.எச். டேனியல் என்ற டாக்டர் வால்பாறை பக்கத்து எஸ்டேட்களில் தொழிலாளர்களோடு இருந்து பார்த்ததை 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு'. பாலாவின் படத்துக்கு அதுதான் அடிப்படை. ராசா (அதர்வா) ஊரில் தண்டோரா போட்டுப் பிழைக்கிற அப்பாவி. வேலை கிடைக்காத அந்த ஊருக்குக் கங்காணி வருகிறான், காப்பாற்ற வந்த சாமி மாதிரி! அட்வான்ஸ் கொடுக்கிறான். நாள்கணக்கில் நடக்கவைத்து மலைக்குக் கூட்டிப்போகிறான். அங்கே வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம். தப்பி ஓடியவனின் கால் நரம்பை வெட்டுகிறார்கள்.

க்ளைமாக்ஸில் ராசா மலை உச்சியில் உட்கார்ந்து புலம்புகிறான். கீழே புதிதாக ஒரு கூட்டம் எஸ்டேட்டுக்கு வருகிறது. அதில் அவன் மனைவி அங்கம்மாவும், அவன் பார்த்தே இராத பிள்ளையும். இத்தனை வருஷம் அவர்களைப் பார்க்கத்தான் ஏங்கினான். இப்போது பார்த்துவிட்டு, ஏன் வந்தாய் என்று கதறுகிறான்.

நல்லதங்காளில் ஆரம்பித்த கேள்வி இங்கே வந்து முட்டிக்கொள்கிறது. அங்கே யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கினோம். இங்கே யாரும் வந்துவிடக்கூடாதே என்று ஏங்குகிறோம். இன்னொன்று, சீனு ஒருத்தன்தான். ராசாக்கள் ஏராளம். பஞ்சத்துக்குப் பயந்து கங்காணி பின்னால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆனைமலைக்கும் போன நம் ஜனங்கள் எல்லாரும் ராசாதான்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. ஆனாலும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இன்றும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூட்டையோடு கூடப் போகும். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற சாமியும் வரவேண்டாம், சிவாஜி மாதிரி அண்ணனும் வரவேண்டாம். அட்வான்ஸ் கணக்கை நிறுத்திக் கேட்க ஒரு அதிகாரியும், பெயரை ரெஜிஸ்தரிலிருந்து அடிக்காமல் தேடிப்போகும் ஒரு வாத்தியாரும் வந்தால் போதும். சில இடங்களில் வந்திருக்கிறார்கள். அப்படி மீட்கப்பட்ட குடும்பங்களும் உண்டு. சினிமாவில்தான் இன்னும் அந்தக் காட்சியைச் சரியாக யாரும் எடுக்கவில்லை.

உங்கள் ஓட்டு யாருக்கு? சீனு ரசிகர்கள் வரிசையில் வந்து திட்டலாம் :-) ஆனால் ஏன் என்று காரணத்தோடு திட்டவும்.