ஹாங்காங் போறீங்களா? நாலே வாக்கியத்தில் கான்டனீஸ் உச்சரிப்பு

வேலைக்காக ஹாங்காங் போனால் ஆபீஸில் பெரும்பாலும் ஆங்கிலமே போதும். மார்க்கெட், மினிபஸ், சின்ன டீக்கடைன்னு வெளியே வந்தால் கான்டனீஸ்தான். மக்காவிலும் சீனாவின் குவாங்தோங் மாகாணத்திலும் பேசப்படும் மொழி இது. இதில் ‘மாய்’ என்றால் வாங்குவது. ‘மாய்’ என்றால் விற்பதும்கூட! குரல் ஏறுதா, ஏறாம நிக்குதா என்பதுதான் வித்தியாசம்.

குரலுக்கும் எண் உண்டு

ஹாங்காங் மொழியியல் கழகம் 1993-ல் உருவாக்கிய ‘யூட்பிங்’ முறையில் ஒவ்வொரு அசைக்குப் பின்னும் தொனியைக் குறிக்கும் எண் வரும். 1 - உச்சத்தில் நேராக. 2 - உச்சத்துக்கு ஏறும். 3 - நடுவில் நேராக. 4 - கீழே இறங்கும். 5 - கீழிருந்து கொஞ்சம் ஏறும். 6 - தாழ்வாக நேராக. மாய்5 வாங்குவது, மாய்6 விற்பது. தொனியும் சொல்லின் ஒரு பகுதி என்பதால், தனிச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட முழு வாக்கியமாகப் பழகுவது நல்லது.

1. ம்4 கோய்1, யத்1 புய்1 நாய்5 ச்சா4.

‘தயவுசெய்து ஒரு கப் பால் டீ.’ பயப்படாதீங்க, இங்கே ‘நாய்’ என்றால் பால்! ‘ம்கோய்’ ரொம்ப முக்கியம். தயவுசெய்து, கொஞ்சம் வழிவிடுங்க, உதவிக்கு நன்றி - எல்லாத்துக்கும் இதுதான். யாராவது பரிசு கொடுத்தாலோ விருந்து வைத்தாலோ மட்டும் ‘தோ1 ட்ஸே6’ சொல்லணும்.

2. யவ்5 லொக்6, ம்4 கோய்1!

மினிபஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று டிரைவருக்குச் சொல்வது. தயங்கினால் உங்க இடம் தாண்டிடும். ‘கேக்’கை நாம ‘கேக்கு’ என்போமே, அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம். ‘லொக்கு’ன்னு இழுக்காம, ‘க்’கில் தொண்டையை மூடி அப்படியே நிறுத்துங்க.

3. நி1 கோ3 கெய்2 தோ1 ச்சின்2?

‘இது எவ்வளவு?’ இதில் வரும் ‘கோ’, ‘கெய்’ இரண்டையும் யூட்பிங்கில் ஆங்கில ‘ஜி’ போட்டுத்தான் எழுதுவாங்க. அதைப் பார்த்து ஏமாறாதீங்க. ‘கல்’லில் வரும் நம்ம ‘க’தான் அது. ‘கே’ எழுத்து வந்தால், இந்தியில் சாப்பாட்டைக் ‘கானா’ என்பதுபோல் மூச்சுக்காற்று தெறிக்கணும்.

4. நெய்5 ஸிக்6 ட்ஸோ2 ஃபான்6 மெய்6 ஆ3?

நம்ம ‘சாப்பிட்டாச்சா?’வேதான். நெய் - நீ. ஸிக் - சாப்பிடு. ட்ஸோ - முடிந்தது. ஃபான் - சோறு. மெய் - இன்னும் இல்லையா. கடைசி ‘ஆ’ கேள்வியை மென்மையாக்கும். தமிழில் கேள்வி கேட்கும்போது குரல் தானாக மேலே போகும். இங்கே அப்படி உயர்த்தினால் தொனி மாறிடும். ‘மெய்’ தாழ்வாகவே நிற்கட்டும்.

எப்படிப் பழகுவது?

உள்ளூர்க்காரர் பேசிய ஆடியோவைக் கேட்டு, வாக்கியத்தை அப்படியே சொல்லி, போனில் பதிவு செய்து ஒப்பிடுங்க. அது சரியா வந்த பிறகு ஒரே ஒரு சொல்லை மாற்றுங்க. பால் டீ வேண்டாமா? ‘நாய்5 ச்சா4’ இடத்தில் ‘கா3 ஃபே1’ போடுங்க. காபி வந்துடும்.