நார்கொண்டம்: இருவாச்சியின் எரிமலைத் தீவு

நார்கொண்டம் அந்தமான் கடலில் தனித்து நிற்கும் சிறிய எரிமலைத் தீவு. போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 260 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பரப்பு 7 சதுர கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. கிண்டி தேசியப் பூங்காவைப் போல இரண்டரை மடங்கு. அந்தச் சிறிய பரப்பிலிருந்து மலை 710 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கரை முதல் உச்சி வரை அடர்ந்த காடு. ஊரும் இல்லை, வயலும் இல்லை. முறைவைத்து வந்து போகும் காவலர்கள் சிலரே இங்கு வாழும் மனிதர்கள்.

தீவின் பெயர் ‘நரககுண்டம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். ஆனால் வரலாற்றுக் காலத்தில் நெருப்புக் கக்கியது நார்கொண்டம் அன்று. அதற்குத் தெற்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவு. ஆகவே பழைய கடலோடிகள் பாரன் தீவுக்கு வைத்த பெயர் பிற்காலத்தில் இடம் மாறிவிட்டது என்ற கருத்தும் உண்டு. பாரன் தீவின் எரிமலை 1787, 1789 ஆண்டுகளில் கனன்றதை ஆங்கிலேய மாலுமிகள் பதிவு செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் அது அடங்கிக் கிடந்தது. 1991இல் மீண்டும் வெடித்தது. நார்கொண்டம் வெடித்ததாக எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

இரண்டு தீவுகளும் பிறந்தது ஒரே காரணத்தால். இந்திய நிலத்தட்டு கிழக்கே பர்மா தட்டுக்கு அடியில் சரிகிறது. ஆழத்தில் பாறை உருகி மேலெழுகிறது. சுமத்திராவின் எரிமலை வரிசையும் இப்படி உருவானதே. இத்தீவுகளை நேரில் ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வகத்தின் எஃப். ஆர். மாலட், 1885இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்துதான் பல்லாவரம், பம்மல் வட்டாரக் குன்றுகளின் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டவர். அந்தக் கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் உருவானது. நார்கொண்டத்தின் பாறையோ அதன் முன் நேற்றுப் பிறந்த குழந்தை.

வயதில் இளையதானாலும் உயிர்வளத்தில் இத்தீவுக்குத் தனி இடம் உண்டு. நார்கொண்டம் இருவாச்சி என்னும் பறவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 1873இல் இங்கு வந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஆண் பறவைக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண் பறவைக்குக் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். அந்தப் பிளவின் வழியே ஆண் பறவை பழம் ஊட்டும். அத்தி முதலிய பழங்களைத் தின்று விதைகளைக் காடெங்கும் பரப்புவதும் இருவாச்சியே. காட்டின் வாழ்வும் பறவையின் வாழ்வும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 2021இல் இத்தீவுக்கே உரிய மூஞ்சூறு இனம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

மனிதர் குடியேற்றம் அண்மைக் காலத்தது. 1969இல் காவல் சாவடி அமைக்கப்பட்டது. தீவுக்கு உரிமை கோரிவந்த பர்மா, 1986இல் கையெழுத்தான கடல் எல்லை உடன்பாட்டோடு அதைக் கைவிட்டது. இதற்கிடையே 1977இல் தீவு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. ஆனாலும் காவலர்கள் இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகள் காட்டில் திரிந்து பெருகி, மரக்கன்றுகளை மேய்ந்தன. இளங்கன்று வளராத காட்டில் நாளைக்குப் பழமும் இல்லை, பொந்தும் இல்லை. பறவையியலாளர்கள் தொடர்ந்து எச்சரித்ததன் பயனாகப் பிற்பாடு ஆடுகள் அகற்றப்பட்டன.

அடுத்த சிக்கல் பாதுகாப்பின் பெயரால் எழுந்தது. கடலோரக் காவல்படை இங்கு ரேடார் அமைக்க விரும்பியது. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012இல் அதை மறுத்தது. 2014இல் ஒப்புதல் அளித்தது. நாட்டின் எல்லைக் காவலும் ஓர் உயிரினத்தின் ஒரே இருப்பிடமும் ஒரே மலையில் எதிரெதிரே நின்றன.

2019–20 குளிர்காலத்தில் நடந்த கணக்கெடுப்பு ஏறத்தாழ 1,000 இருவாச்சிகள் இருப்பதாக மதிப்பிட்டது. இவ்வளவு நெருக்கமாக இருவாச்சிகள் வாழும் காடு உலகில் அரிது. ஆயினும் ஒரு பெரும்புயலோ நோயோ தாக்கினால் இப்பறவைக்கு ஒதுங்க வேறு நிலம் இல்லை. ஆகவே இத்தீவுக்குச் செல்ல அரசின் முன் அனுமதி கட்டாயம். ஆய்வாளர்களும் பணியிலிருப்போருமே பெரும்பாலும் கால்பதிக்கின்றனர். எரிமலை எழுப்பிய இந்த மலையில் காடு தழைத்ததும் இருவாச்சி நிலைத்ததும் மனித நடமாட்டம் குறைவாக இருந்ததால்தான்.