கஜு வருவதற்கு முன்பே இருந்த இனிப்பு



அன்பின் பெற்றாருக்கும் சக ஆசிரியர்களுக்கும்,

சிறுவர் தின விருந்துக்குக் கொண்டு வரும் இனிப்பு எதிலும் கஜு, கச்சான், பாதாம் சேர்க்க வேண்டாம் என்று வகுப்புக் குழுவில் அறிவித்திருந்தோம். காரணம் எல்லோருக்கும் தெரியும். எமது வகுப்பில் அவை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருக்கிறது. கடந்த வருடம் எல்லோரும் கூடிச் சாப்பிட்டபோது அந்தப் பிள்ளை மட்டும் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தது. இந்த வருடம் அப்படி இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம்.

வந்த பதில்களில் இரண்டு எங்களை யோசிக்க வைத்தன. ஒன்று, "கஜு போடாட்டி அது என்ன இனிப்பு டீச்சர்?" மற்றது, "கஜு போடாமக் குடுத்தா கஞ்சத்தனம் என்று நினைப்பாங்களே." இரண்டாவது கேள்விதான் கனமானது. கல்யாண வீட்டில் வட்டிலாப்பத்தின் மேல் எத்தனை கஜு கிடக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் சமூகம் நாம். ஆகவே இதற்கு அறிவுரை சொல்வதை விட, வரலாறு படிப்பிக்கும் நாங்கள் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லிப் பார்க்கிறோம்.

ஈத்தம்பழத்திலிருந்து தொடங்குவோம். எமது வரண்ட பற்றைக் காடுகளில் சிறிய ஈச்சை உண்டு. அதன் பழம் விரல் நுனி அளவு, சதை கொஞ்சம்தான். கடல் கடந்து வந்த பெரிய பழத்தைத் தமிழ் 'பேரீச்சை' என்றது, அதாவது பெரிய ஈச்சை. சிங்களம் அதையே 'ரட இந்தி' என்றது, அதாவது வெளிநாட்டு ஈச்சை. ஒரு மொழி அளவைப் பார்த்தது, மற்றது வந்த திசையைப் பார்த்தது. அறபிகளும் இதைத்தான் செய்தார்கள். எமது புளியைக் கண்டு 'தமர் ஹிந்தி', இந்தியாவின் ஈத்தம்பழம் என்றார்கள். தேங்காயை 'ஜவ்ஸ் ஹிந்தி', இந்தியக் கொட்டை என்றார்கள். இந்தப் பெயரைப் பற்றிப் பிறகு ஒரு விடயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈத்தம்பழத்தைப் பிசைந்து செய்யும் இனிப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று 'ஹைஸ்'. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் ஸபிய்யா (ரழி) அவர்களை மணமுடித்த வலீமா விருந்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பை விரித்து, அவரவரிடம் இருந்த ஈத்தம்பழம், நெய், உலர்ந்த தயிர் ஆகியவற்றைக் கொண்டு வந்து ஒன்றாகச் சேர்த்தார்கள். அதுதான் ஹைஸ். அதில் பாதாமும் இல்லை, பிஸ்தாவும் இல்லை.

அதே ஹைஸ் 1226இல் பக்தாதில் எழுதப்பட்ட அல்பக்தாதியின் சமையல் நூலிலும் வருகிறது. ஆனால் ஆளே மாறிவிட்டது! உலர்ந்த ரொட்டித் தூள், ஈத்தம்பழம், அரைத்த பாதாம், பிஸ்தா, நல்லெண்ணெய். உருண்டை பிடித்து மேலே சீனி தூவச் சொல்கிறார், பயணிகளுக்கு மிகச் சிறந்தது என்றும் எழுதுகிறார். பாலைவன வழியில் கையில் இருந்ததைக் கொண்டு செய்த உணவுக்கும், செல்வம் கொழித்த தலைநகரத்தின் உணவுக்கும் இடையில் ஆறு நூற்றாண்டுகள். பாதாமும் பிஸ்தாவும் அந்த இடைவெளியில் நுழைந்தவை. ருசியாகத்தான் இருந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் ஹைஸ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனித் தேங்காய். பத்தாம் நூற்றாண்டில் ஸீராப் துறைமுகத்து அபூ ஸைத் எழுதிய குறிப்பு ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். ஓமான் நாட்டவர்கள் தச்சுக் கருவிகளோடு தென்னை வளரும் தீவுகளுக்குப் போவார்களாம். மரத்தை வெட்டிக் காயவைத்துப் பலகை அறுப்பார்கள். தும்பில் கயிறு திரித்து அந்தப் பலகைகளைத் தைப்பார்கள், ஆணி இல்லை. பாய்மரமும் தென்னை, பாயும் தென்னோலை. கடைசியில் அந்தக் கப்பலில் தேங்காயையே ஏற்றிக்கொண்டு ஓமானுக்குத் திரும்பி விற்பார்கள். கப்பலும் சரக்கும் ஒரே மரம்!

அந்தப் பக்கம் தேங்காய் போனது, இந்தப் பக்கம் ஈத்தம்பழம் வந்தது. வளைகுடாவில் அறுவடை முடிந்ததும் ஓலைப் பெட்டிகளில் அழுத்தி அடைத்த பழத்தோடு பாய்க்கப்பல்கள் கிழக்கே புறப்படும். நெடுநாள் கெடாத, கடலில் பசியாற்றும் சரக்கு அது.

1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, அதற்கு முன் மாலைதீவில் காழியாக இருந்தவர். தேங்காயிலிருந்து அந்த மக்கள் பாலும் எண்ணெயும் தேனும் எடுப்பதையும், அந்தத் தேனில் பலகாரம் செய்து உலர்ந்த தேங்காயோடு உண்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். தேன் என்று அவர் சொல்வது காய்ச்சிய பாணியை. எமது பாணிப்பொல் நினைவுக்கு வருகிறதா? கித்துள் பாணியில் தேங்காய்ப்பூவைக் கிளறி அப்பத்துக்குள் வைத்துச் சுருட்டுகிறோமே, அதே குடும்பம்தான். பாணி இருந்த இடத்தில் பிசைந்த ஈத்தம்பழத்தை வைத்தால் நாங்கள் சொல்லப்போகும் இனிப்பு வந்துவிடும்.

இந்தக் கதை முழுவதிலும் கஜு எங்கே என்று கேட்டால், பிரேசிலில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர்தான் அந்த மரத்தை இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். 'கஜு' என்ற சொல்லே அவர்களுடையது, அவர்கள் அதைப் பிரேசிலின் பூர்வீக மக்களிடம் எடுத்தார்கள். கச்சானும் தென்னமெரிக்காவில் பிறந்ததுதான், சிங்களத்தில் இன்னும் 'ரட கஜு'. கண்டி வீதியில் கஜுகமவைக் கடக்கும்போது நாங்களும் வண்டியை நிறுத்துபவர்கள்தான், கஜுவோடு எங்களுக்குப் பகையில்லை. ஆனால் எமது இனிப்பு மரபில் அது பிந்தி வந்த விருந்தாளி. வீட்டுக்காரரை, அதுவும் ஒரு சிறு பிள்ளையை, விருந்தாளிக்காக வெளியே இருத்துவது என்ன முறை?

இப்போது அந்த 'இந்தியக் கொட்டை'. பெயரைப் பார்த்துச் சில பெற்றார் தேங்காய்க்கும் பயப்படுகிறார்கள். தாவரவியலில் தேங்காய் கஜு, பாதாம் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அமெரிக்க உணவு அதிகாரிகள் கூட நெடுங்காலம் தேங்காயை அந்தப் பட்டியலில் வைத்திருந்துவிட்டு 2025 ஜனவரியில்தான் நீக்கினார்கள். ஆனால் தேங்காயே ஒத்துக்கொள்ளாதவர்களும் அரிதாக இருக்கிறார்கள். எமது வகுப்புப் பிள்ளைக்குத் தேங்காயால் பிரச்சினையில்லை என்று உம்மாவிடம் கேட்டு உறுதி செய்துவிட்டோம். வேறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் நீங்களும் கேளுங்கள்.

செய்முறை இலேசானது. விதை நீக்கிய ஈத்தம்பழம் 250 கிராம், பாதித் தேங்காயின் பூ, ஏலக்காய் மூன்று, உப்பு ஒரு சிட்டிகை, நெய் ஒரு தேக்கரண்டி. விலை கூடிய பழம் தேவையில்லை. பழம் கடினமாக இருந்தால் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள், தண்ணீரில் ஊறவைத்தால் உருண்டை பிடிபடாது. தேங்காய்ப்பூவை மெல்லிய நெருப்பில், கையை எடுக்காமல், ஈரம் முழுதாகப் போய்ச் சரசரக்கும் வரை வறுக்க வேண்டும். இந்த இனிப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஈரம் மிஞ்சினால் அடுத்த நாளே புளித்துவிடும். அவசரக்காரர்கள் கடையில் விற்கும் உலர்ந்த தேங்காய்த் துருவலைப் பாவிக்கலாம், வாசம் கொஞ்சம் குறையும்.

வறுத்ததில் பாதியைப் பழத்தோடும் மற்றவற்றோடும் சேர்த்து இடித்துப் பிசைந்து உருட்டி, மீதியில் புரட்டி எடுங்கள். கஜுவின் மொறுமொறுப்புத்தான் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி அவலை வறுத்துச் சேர்க்கலாம். எள்ளு வேண்டாம், அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. செய்தவுடன் மூடாமல் முழுதாக ஆறவிட்டுப் பெட்டியில் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாராளமாக இருக்கும்.

கவனிக்க வேண்டியது பாத்திரம். கச்சான் அரைத்த கிரைண்டரை மேலோட்டமாகக் கழுவிவிட்டு இதை அரைத்தால் எல்லாம் வீண். மிகச் சிறிய துணுக்கே போதும். மேலே வைத்த கஜுவை எடுத்துவிட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். ஈத்தம்பழத்தையும் நிறுத்து விற்கும் இடத்தில் வாங்காதீர்கள், பக்கத்துப் பெட்டியில் கஜு இருக்கும், இரண்டுக்கும் ஒரே கரண்டி. மூடிய பக்கெற்றாக வாங்கி, அதன் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள். எந்தப் பிள்ளைக்காவது சாப்பிட்டவுடன் உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே 1990 சுவசெரியவை அழையுங்கள்.

வகுப்பில் 38 பிள்ளைகள். மேலே சொன்ன அளவில் சுமார் 20 உருண்டை வரும். நான்கு வீடுகள் பொறுப்பெடுத்தால் ஆளுக்கு இரண்டு கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். செய்யக் கூடியவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் உம்மா முதல் ஆளாக ஏற்கனவே பெயர் தந்துவிட்டார், இன்னும் மூன்று வீடுகள் வேண்டும்.