நிலைவாசல்ல ரெண்டு கிளி

சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருந்தவனுக்கு மாமா போன் போட்டார். "மாப்ள, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை இடிக்கப்போறோம். நிலையை மட்டும் காரைக்குடி யாவாரி ஒருத்தர் கேக்குறார். நல்ல வெலை." ராஜபாளையத்துல வீட்ல பையை வச்ச கையோட பஸ் புடிச்சேன்.

லைட்டா கொசுவத்தி. வாசப்படில உக்காந்ததுக்குப் பாட்டிகிட்ட எத்தனை குட்டு! ஆனா ஒருநாளும் அண்ணாந்து பாத்ததில்ல. இப்பதான் பாத்தேன்.

மேல்சட்டத்தின் நடுவில் கஜலட்சுமி. தாமரையில் அவள் இருக்க, இருபுறமும் யானைகள் குடத்தால் நீர் ஊற்றுகின்றன. யானை மழைமேகம், தாமரை செழிப்பு என்பார்கள். கண்மாயை நம்பி வாழ்ந்த ஊர்க்காரன் வாசலில் வேறென்ன கேட்பான்? இதே உருவம் பார்ஹுத், சாஞ்சி சிற்பங்களிலேயே உண்டு. வயசு 2,000 வருஷத்துக்கும் மேல.

ரெண்டு ஓரத்திலும் கிளி. எங்க ஊர்ல கிளின்னா யாருன்னு சொல்லணுமா? ஆண்டாள் கையில் இருப்பது தினமும் இலைகளால் புதுசாகக் கட்டும் கிளி. அதன் மூக்கு மாதுளம்பூ. கோயில் கிளிக்கு ஆயுசு ஒரு நாள். ஆசாரி செதுக்கின கிளி எங்க வீட்ல நாலு தலைமுறை பாத்துடுச்சு.

மாதுளை அர்மேனியர்களுக்கும் செழிப்பின் அடையாளம்தான். மரவேலையின் அருமை தெரிஞ்சவங்க. மூஷ் பகுதி மடாலயம் ஒன்றுக்கு 1134-ல் செதுக்கிய மரக்கதவை முதல் உலகப்போர் அழிவிலிருந்து மீட்டு, யெரெவானில் இருக்கும் அர்மேனிய வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஊரே போனப்பவும் கதவை விடல. நாம ஊர்ல உக்காந்துக்கிட்டே விக்கிறோம் :-(

சட்டம் இல்லாமல் இல்லை. 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்கிறது 1972-ஆம் வருஷச் சட்டம். ஆனா உள்ளூர்லயே அறுத்து டீப்பாய் ஆக்கிட்டா? கஜலட்சுமி மேல காபி டம்ளர்!

நம்ம பாஷையில சொன்னா, எழுதினவர் போயிட்டார், டாக்குமெண்ட் கிடையாது, புரியலைன்னு டெலிட் பண்றோம். அவ்வளவுதான் மேட்டர்.

"மாமா, புது வீட்டுக்கும் இதையே வைங்க."

"உசரம் கம்மிடா. குனிஞ்சுல்ல வரணும்."

"குனிஞ்சு வரட்டும்னுதானே மாமா வச்சாங்க."

மாமா பதில் சொல்லல. யாவாரிகிட்ட மட்டும், "யோசிச்சுச் சொல்றேன்"னுட்டார்.

உங்க வீட்டு நிலையில என்ன இருக்கு மக்களே? ஒருதடவை அண்ணாந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க.