விழித்திரை வீக்கத்துக்கு வந்த மாத்திரை

1933இல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைக் கண்டறிந்தார்கள். இரத்தம் கரியமில வாயுவைச் சுமக்கும் விதத்தை ஆராய்ந்ததில் கிடைத்தது அது. கண்ணுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. 1940இல், தொற்றுக்குத் தரப்பட்ட சல்ஃபா மருந்து இந்த நொதியை முடக்குவது தெரிந்தது. அந்த வழியில் பிறந்ததுதான் அசெட்டசோலமைடு மாத்திரை. 1954இல் பெர்னார்ட் பெக்கர் அதைக் கொடுத்துக் கண் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார்.

இந்த மாத்திரை விழித்திரையை எட்ட மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1988இல் ஆலன் பேர்டும் சக மருத்துவர்களும், விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவில் நீர் கோத்தவர்களுக்கு இதைக் கொடுத்தபோது, சிலருக்கு வீக்கம் வடிந்து பார்வை தெளிந்தது. விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிப் படலம் வயல்நீரை இறைக்கும் பம்புசெட்டைப் போலத் தேங்கிய நீரை வெளியேற்றும். மாத்திரை அந்த வேலையை முடுக்கியது. மறுஆண்டே ஃபிஷ்மன் குழு, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயிலும் பலன் கண்டது. தீர்வில்லை என்று கேட்டே பழகிய நோயாளிகளுக்கு இது பெரிய செய்தி.

விலையும் உண்டு: விரல் மரமரப்பு, பொட்டாசியம் குறைவு, சிறுநீரகக் கல். நீரிழிவால் வரும் மாகுலா வீக்கத்துக்கு இன்று கண் ஊசிகளே முதன்மை. பரம்பரை நோய் வீக்கத்துக்கு இம்மாத்திரை இன்றும் தரப்படுகிறது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.